பழைய பேட்டரிகளை டிராயரில் மொத்தமாகப் போட்டு வைத்தால் தீப்பிடிக்குமா?

பிடிக்கலாம். ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரிகளால் அந்த ஆபத்து குறைவு. மல்டிமீட்டரிலும் கார்ட்லெஸ் மைக்கிலும் போடுகிற சதுர 9 வோல்ட் பேட்டரிதான் வில்லங்கம் பிடித்தது. அதில் பிளஸ், மைனஸ் இரண்டும் தலையிலேயே, அரை அங்குல இடைவெளியில் இருக்கின்றன. சாவியோ பேப்பர் கிளிப்போ குறுக்கே விழுந்தால் ஷார்ட் ஆகிச் சூடேறும். பக்கத்தில் பழைய பில், ரசீது கிடந்தால் பற்றிக்கொள்ளும். மெல்லிய இரும்பு நார் பட்டாலோ நொடியில் இழைகள் கனன்று எரியத் தொடங்கும். "சார்ஜ் தீர்ந்துபோச்சே" என்று அலட்சியம் வேண்டாம். மைக் ஓடாது என்றாலும் கம்பியைச் சூடாக்கும் அளவுக்கு மிச்சம் இருக்கும். வாங்கியபோது வந்த மூடி இருந்தால் அதை மாட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு முனைகளையும் மறைத்து இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். தூக்கிப்போடும்போதும் இப்படி மறைத்தே போடுங்கள்.

வெள்ளைப் பொடி கசிந்த அல்கலைன் பேட்டரியை வெறுங்கையால் தொடாதீர்கள், அது தோலை அரிக்கும் காரப்பொருள் (ஆல்கலி). உப்பிய போன் பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது. மறுபடி சார்ஜும் போடாதீர்கள்.

தீயை விட நான் அதிகம் பயப்படுவது சிஆர்2032 மாதிரியான பட்டன் பேட்டரிக்கு. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள்.