தச்சுப் பட்டறை கேள்வி பதில்: முதலில் மேசைக்கு அடியில் படுங்கள்

கேள்வி: அம்மம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒன்று சண்டைக்குள்ளும் தப்பி எங்களிடம் வந்திருக்கிறது. ஆறு பேர் இருக்கலாம். தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும். ஒல்லாந்தர் காலத்துச் சாமான் என்று பெரியம்மா சொல்கிறார். உண்மையா? அடியிலிருந்த திருகாணி ஒன்றைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, முள்ளியவளை

பதில்: திருகாணியைக் கழற்றிப் பார்த்தீர்களே பிள்ளை, அதற்கே ஒரு தேத்தண்ணி தரலாம். மற்றவர்கள் மேற்பலகையைத் தடவிப் பார்த்து, "என்ன மினுக்கம்!" என்று எழுதுவார்கள். அது எத்தனை கை பொலிஷ் கண்டதோ, யாருக்குத் தெரியும்? அடிப்பக்கத்தை ஒருவரும் மினுக்குவதில்லை.

உங்கள் திருகாணியின் முனை கூராக இருக்கிறது. முந்திய காலத்துத் திருகாணிக்கு முனை மொட்டை. துளை போட்டுவிட்டுத்தான் முறுக்க வேண்டும். கூர்முனைத் திருகாணி பட்டறைகளில் புழங்கத் தொடங்கியது 1840களுக்குப் பிறகு. ஒல்லாந்தரோ 1796இலேயே ஆட்சியை விட்டுவிட்டார்கள். பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரே ஆணியை வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. ஆட்டம் கண்ட மேசைக்குப் பிறகு யாராவது புது ஆணி போட்டிருக்கலாம். டோர்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுங்கள். பலகையில் வாள் போன தடம் நேர்க்கோடாக, சற்று ஏறுமாறாக இருந்தால் அது கையால் அறுத்தது. வட்டத்தில் ஒரு துண்டுபோல வளைந்து வளைந்து போனால் மில்லில் வட்டவாள் அறுத்தது. கையால் அறுத்ததெல்லாம் பழசு என்று மட்டும் நினைக்க வேண்டாம். நான் சின்னப் பெடியனாக இருந்தபோதும் ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று மரம் அறுத்ததை இந்தக் காட்டோரத்தில் பார்த்திருக்கிறேன். லாச்சி இருந்தால் இழுத்து வெளியே எடுத்து மூலைப் பொருத்தைப் பாருங்கள். கையால் வெட்டிய பற்கள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. மெஷின் வெட்டியது அச்சடித்ததுபோல இருக்கும்.

நாலு பேர் தூக்கும் பாரம் என்றால் முதிரை மரமோ பாலை மரமோ ஆக இருக்கலாம். பாலை சிவப்புக் கலந்த கபில நிறம். முதிரை மஞ்சள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பட்டுச் சேலைபோல வரிவரியாக மின்னும். என் ஊகத்தைக் கேட்டால், வெள்ளைக்காரன் காலத்துக் கடைசி. அதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் பாயில் சம்மணம் கட்டி இருந்துதான் சாப்பிட்டோம். சாப்பாட்டு மேசை பிந்தி வந்த விருந்தாளி.

கேள்வி: வவுனியாவில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய மேசை, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவில் பிளந்து நீள்கிறது. உடைந்த மேசையை ஏமாற்றி விற்றுவிட்டார்களா?
- வாசகர், செட்டிகுளம்

பதில்: உடையவில்லை. நடுப்பலகைகள்தான் தொலைந்துவிட்டன. ஆட்கள் கூடும் நாளில் இழுத்து, நடுவில் பலகை செருகிப் பெரிதாக்கும் மேசை அது. இப்படி நீளும் மேசைக்கு 1800இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கில்லோ என்பவர் காப்புரிமை எடுத்தார். அதைப் பார்த்து எத்தனையோ நாடுகளில் செய்தார்கள். அதே மரத்தில் புதுப் பலகை போட்டுக்கொள்ளுங்கள். நிறம் ஒத்துவராது. சாயம் பூசி மறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: அலுமாரிக்குக் கீழே தினமும் மா போலத் தூள் கொட்டுகிறது. கறையானா?
- வாசகி, மல்லாவி

பதில்: கறையான் மண் கொண்டுவந்து பாதை கட்டும். தூள் கொட்டுவது வண்டு குடைவதால். பழைய துளைகளைக் கண்டு பயப்பட வேண்டாம், வண்டு எப்போதோ போயிருக்கும். கறுப்புக் கடதாசியொன்றைக் கீழே விரித்து ஒரு கிழமை விடுங்கள். புதுத்தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, மருந்து வைக்க வேண்டும். வண்டு அதிகம் தின்பது மரத்தின் வெள்ளையை, அதாவது பட்டைக்கு அடுத்த வெளிர்ப் பகுதியை. வைரம் பாய்ந்த பகுதி இலேசில் விட்டுக்கொடுக்காது. ஆகவே கூலிக்கு ஆள் பிடிக்கமுன் எது போயிருக்கிறது என்று உளி நுனியால் குத்திப் பாருங்கள். கறையானுக்கும் சேர்த்து ஒரு சொல்: அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் கை போக இடம் விடுங்கள்.

கேள்வி: அப்பப்பாவின் மேசை கறுத்துப்போய், தேத்தண்ணிக் கோப்பை வைத்த வெள்ளை வட்டங்களோடு கிடக்கிறது. சீவிப் புதிதாக்கலாமா?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: வேண்டாம் தம்பி. வெள்ளை வட்டம் என்றால் ஈரம் பொலிஷுக்குள் நிற்கிறது, மரத்துக்குள் இறங்கவில்லை. கறுப்பு வட்டம்தான் மரத்தைத் தொட்டது. கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஸ்பிரிட் ஒரு துளி வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட்டில் இலேசாக நனைத்த துணியால், நிற்காமல், ஒரு தரம் தடவினாலே வட்டம் மங்கிவிடும். அழுத்தினால் பொலிஷே துணியோடு வந்துவிடும். சாண்ட் பேப்பர் தொட வேண்டாம். முதிரையானால் அந்தத் தூள் சிலருக்குத் தோலில் தடித்துக் கடிக்கும், என் கைகளைக் கேளுங்கள்.

22 வயதில் ஒரு வீட்டு மேசையை நான் சீவினேன். வீட்டுக்காரர் இறந்து கொஞ்ச நாள். கறுத்துக் கிடக்கிறதே என்று, கேட்காமலே சீவுளி போட்டேன். இரண்டு நாளில் மில்லிலிருந்து வந்த பலகைபோல வெளுத்துவிட்டது. அந்த அம்மா வந்து ஒரு மூலையைத் தடவிப் பார்த்தார். "இதில வைச்சுத்தான் அவர் பென்சில் சீவுறவர். அந்த வெட்டெல்லாம் எங்க தம்பி?" என்றார். பேசிய கூலியைக் குறைக்காமல் எண்ணித் தந்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.