குர்துகள்: ஒரு தேசம், நான்கு பள்ளிக்கூடங்கள்

அன்புள்ள ஐயா,

குர்துகளைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என நான்கு நாடுகளில் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர், தனி நாடு இல்லாத மிகப் பெரிய இனங்களில் ஒன்று என்று எங்கும் படிக்கிறேன். முதல் உலகப்போரில் வென்றவர்கள் 1920-இல் செவ்ர் ஒப்பந்தத்தில் நாடு தருவதாகச் சொன்னார்கள், 1923-இல் லொசானில் கைவிட்டார்கள் என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள். நூறு வருடம் கழித்தும் இதே காரணம்தானா?

எங்கள் அலுவலகத்தில் துருக்கிக்காரர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் இந்தப் பேச்சு வந்தால், "அவர்களுக்கு ஒரே மொழி கிடையாது, ஒரே எழுத்து கிடையாது, தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொள்வார்கள், இது ஒரு தேசமா?" என்பார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் ஒரே தேசம்தானா? குர்திஸ்தான் என்றாவது வருமா?

க., துபாய்

அன்புள்ள க.,

உங்கள் அலுவலக நண்பர் சொல்வதில் தகவல் பிழை இல்லை. அந்த நிலைமை எப்படி வந்தது என்பதைத்தான் விட்டுவிடுகிறார்.

முதலில் லொசான். அங்கே நடந்தது துரோகம்தான், ஆனால் கதையில் அது பாதி. செவ்ர் ஒப்பந்தம் பேசிய குர்துப் பகுதி இன்றைய தென்கிழக்குத் துருக்கியின் ஒரு துண்டு. இன்று ஈராக்கில் இருக்கும் மோசுல் பக்கத்துக் குர்துகள் விரும்பினால் பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வரி. ஈரானில் இருந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. போருக்குப் பின் நடந்த பாரிஸ் சமாதான மாநாட்டில் குர்துகளுக்காகப் பேசியவர் ஷரீஃப் பாஷா. அவர் ஆர்மீனியர்களின் பிரதிநிதியோடு சேர்ந்து கோரிக்கை வைத்ததும், ஊரிலிருந்து குலத்தலைவர்கள் அவரைத் தங்கள் ஆள் இல்லை என்று தந்தி அடித்தார்கள். காரணம் மறைக்கக்கூடியதல்ல. 1915-இல் ஆர்மீனியர்களைக் கொன்றதில் குர்துக் குலங்கள் பலவற்றுக்குப் பங்கு உண்டு, அவர்களுடைய நிலங்களும் கைமாறியிருந்தன. பக்கத்தில் ஓர் ஆர்மீனிய நாடு வந்துவிடுமோ என்ற பயம் தங்களுக்கென ஒரு நாடு வேண்டும் என்ற ஆசையைவிடப் பெரிதாக இருந்தது. கிலாஃபத்தை, அதாவது முஸ்லிம் உலகின் தலைமைப் பதவியை, காப்பாற்றும் போர் என்று நம்பி, பின்னாளில் துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கமால் பக்கம் நின்று சண்டை போட்ட குர்துகள் ஏராளம்.

1924 மார்ச்சில் அந்தக் கிலாஃபத்தையே கமால் ஒழித்தார். மதரஸாக்களும் மூடப்பட்டன. குர்துகளையும் துருக்கியரையும் இணைத்திருந்த கயிறு அதோடு அறுந்தது. மறுவருடமே துருக்கி அரசுக்கு எதிராகக் குர்துத் தலைவர் ஷேக் சயீதின் கிளர்ச்சி. தியார்பக்கிரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அது மதக் கிளர்ச்சியா தேசியக் கிளர்ச்சியா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நக்ஷபந்தி என்ற சூஃபி மரபைச் சேர்ந்த அந்த ஷேக்கைக் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, மொழியும் எழுத்தும். எங்களுக்கென ஓர் அரசன் இல்லையே, துருக்கியருக்கும் பாரசீகருக்கும் நடுவில் நசுங்குகிறோமே என்று அஹ்மத் கானி என்ற கவிஞர் 17-ஆம் நூற்றாண்டிலேயே குர்து மொழியில் புலம்பியிருக்கிறார். ஆகவே 'நாம்' என்ற உணர்வு பழையது. ஆனால் கவிஞரின் உணர்வு கடைக்கோடி கிராமத்துப் பிள்ளைக்குப் போய்ச்சேர ஒரு பள்ளிக்கூடம் வேண்டும், ஒரு பாடப்புத்தகம் வேண்டும். குர்துகளுக்குக் கிடைத்தது நான்கு நாடுகளின் பள்ளிக்கூடங்கள். ஈராக்கில் பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசியில், 1931-இல், உள்ளூர் மொழிச் சட்டம் வந்தது. சுலைமானியா பக்கத்துச் சொரானி வழக்கு அரபு எழுத்தில் பாடமொழியாக வளர்ந்தது. துருக்கியிலும் சிரியாவிலும் பேசப்படும் குர்மாஞ்சி வழக்குக்கு ஜலாதத் பெதிர்கான் என்ற குர்து அறிஞர் 1932-இல் டமாஸ்கசிலிருந்து லத்தீன் எழுத்தில் ஒரு பத்திரிகை நடத்தி நெடுங்கணக்கு அமைத்துக் கொடுத்தார். அதைக் கற்பிக்கத்தான் எந்த அரசும் பள்ளி வைக்கவில்லை. துருக்கியில் 1983 முதல் 1991 வரை குர்து மொழியில் எதையும் வெளியிடவே சட்டத்தில் தடை. அந்த லத்தீன் எழுத்தில் உள்ள க்யூ, டபிள்யூ, எக்ஸ் மூன்றும் துருக்கிய நெடுங்கணக்கில் கிடையாது என்பதால், அவை வரும் பெயரைப் பிள்ளைக்குப் பதிவு செய்ய முடியாது. 2013-இல்தான் அந்தத் தடை போனது. இப்படியெல்லாம் செய்துவிட்டு "உங்களுக்கு ஒரே எழுத்து இல்லையே" என்று கேட்பது கொஞ்சம் ஓவர்தான்.

சிரியா ஒரு படி மேலே போனது. 1962-இல் ஹசக்கா மாகாணத்தில் ஒரே நாளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தி, சுமார் 1,20,000 குர்துகளின் குடியுரிமையைப் பறித்தது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்த ஊரிலேயே அந்நியர் என்ற அட்டையோடு வளர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு 2011-இல் குடியுரிமை திரும்பக் கிடைத்தது, கலவரம் தொடங்கிய பிறகு, அதிபர் அசாதுக்கு ஆள் தேவைப்பட்டபோது.

எல்லை என்று நாம் வரைபடத்தில் பார்ப்பது அங்கே பல இடங்களில் ஒரு ரயில் பாதை. பாக்தாத் ரயில்வேயின் தண்டவாளத்தையே எல்லையாக வைத்து 1921-இல் பிரான்சும் துருக்கியும் பேசி முடித்தன. வடக்கே நுசைபின், தெற்கே கமிஷ்லி, நடுவில் தண்டவாளம். துருக்கி, சிரியா என்றெல்லாம் சொல்லாமல், 'சர்கத்', 'பின்கத்' என்பார்கள் அங்கத்துக் குர்துகள்: கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே. அண்ணன் மேலே, தம்பி கீழே. பிறகு கண்ணிவெடி புதைத்தார்கள். பெருநாள் அன்று கம்பிவேலிக்கு இரு பக்கமும் உறவினர்கள் கூடி நின்று, கத்திப் பேசி நலம் விசாரித்த காலம் உண்டு.

அந்த வேலியைத் தாண்டிப் போனது வானொலி. சோவியத் ஆர்மீனியாவின் யெரெவான் நிலையம் 1955 முதல் குர்து மொழியில் ஒலிபரப்பியது. நடத்தியவர்களில் பலர் யசீதிகள், அதாவது தனி மதத்தைப் பின்பற்றும் குர்து மொழிக்காரர்கள். உஸ்மானியக் காலத்து அடிக்குத் தப்பி அங்கே போன குடும்பங்களின் வாரிசுகள். துருக்கிக் கிராமங்களில் சுன்னி முஸ்லிம்கள் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, "யெரெவான் பேசுகிறது" என்ற அறிவிப்புக்காகக் காத்திருந்தார்கள். அப்புறம் பாட்டு. மதம் வேறு, நாடு வேறு, எழுத்து வேறு. பாட்டு புரிந்தது. ஒரே தேசமா என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான். 2022-இல் தெஹ்ரான் போலீஸ் காவலில் இறந்த ஈரானியக் குர்துப் பெண் மஹ்சா அமினிக்கு வீட்டுப் பெயர் ஜினா. சக்கேஸ் ஊரில் அவருடைய அடக்கத்தின்போது எழுந்த 'ஜின், ஜியான், ஆசாதி' (பெண், வாழ்வு, விடுதலை) முழக்கம் துருக்கிக் குர்துப் பெண்கள் இயக்கத்தில் பிறந்து, சிரியா வழியாக வந்துசேர்ந்தது.

"தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொள்வார்கள்" என்பதில் மட்டும் உங்கள் நண்பரோடு நான் வாதாட மாட்டேன். ஈராக்கின் குர்து ஊரான ஹலப்ஜாவில் 1988 மார்ச்சில் அதிபர் சதாமின் விஷவாயுவில் ஐயாயிரம் பேர் அளவுக்குச் செத்தார்கள். 1991-க்குப் பிறகு வடக்கு ஈராக்கில் சொந்த ஆட்சி கிடைத்தது. மூன்றே வருடத்தில் பர்சானி கட்சியும் தாலபானி கட்சியும் துப்பாக்கி தூக்கின. 1996 ஆகஸ்டில் எதிரியை எர்பிலிலிருந்து விரட்ட மசூத் பர்சானி யாரைக் கூப்பிட்டார்? அதே சதாமின் படையை. எர்பில், தோஹுக் பக்கம் பர்சானியின் மஞ்சள் கட்சி, சுலைமானியா பக்கம் தாலபானியின் பச்சைக் கட்சி. தனித்தனிப் பெஷ்மெர்கா (குர்துப் படை), தனித்தனி உளவுத்துறை. 2017 செப்டம்பரில் வடக்கு ஈராக்கில் நடந்த பொதுவாக்கெடுப்பில் விடுதலைக்கு 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வாக்கு விழுந்தது. மூன்றே வாரத்தில் குர்துகள் கையில் இருந்த எண்ணெய் நகரமான கிர்குக்கில் ஈராக் ராணுவம் நுழைந்தபோது பச்சைக் கட்சிப் படையின் ஒரு பிரிவு விலகி வழிவிட்டது. அதைத் துரோகம் என்றது மஞ்சள் கட்சி. லொசானை இதற்குக் காரணம் காட்ட முடியாது. அரசு கட்ட வேண்டிய இடத்தில் இரண்டு குடும்பங்கள் கட்சி கட்டின. சம்பளம் வேண்டுமா, வேலை வேண்டுமா, கட்சிக்காரரைப் பார் என்றாகிவிட்டது.

குர்திஸ்தான் வருமா? நான் ஜோசியன் இல்லை. துருக்கியில் தனி நாட்டுக்காக ஆயுதம் ஏந்திய ஓஜலானின் பிகேகே இயக்கம் அந்தக் கோரிக்கையை எப்போதோ கைவிட்டது. 2025 மே மாதம் இயக்கத்தையே கலைப்பதாக அறிவித்தது. ஜூலையில் சுலைமானியா அருகே ஒரு குழு துப்பாக்கிகளைத் தீயில் போட்டது. பதிலுக்குத் துருக்கி என்ன தரப்போகிறது என்பதுதான் இப்போதைய கேள்வி. 2012 முதல் துருக்கி அரசுப் பள்ளிகளில் குர்து மொழி விருப்பப்பாடம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதுவும் போதுமான பிள்ளைகள் பெயர் கொடுத்தால். கணக்கையும் அறிவியலையும் அந்த மொழியில் நடத்த விடுவார்களா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் நண்பரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.