வாளை வீசலாம், காயத்தை எழுதக் கூடாது

கேள்வி: டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ஒரு ரோல்பிளே குழுவில், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக மாறி மாறிக் கதை எழுதும் குழுவில், புதிதாகச் சேர்ந்தேன். சண்டைக் காட்சி எழுதியதும் எதிரில் எழுதியவர் கோபித்துக்கொண்டார். என்ன தப்பு?
- வாசகி, திருச்சி

பதில்: ‘மாறனின் வாள் அவன் தோளைக் கிழித்தது, அவன் மண்டியிட்டான்’ என்கிற மாதிரி எழுதியிருப்பீர்கள். அடி பட்டதா இல்லையா என்பதை அந்தப் பாத்திரத்துக்கு உரியவர்தான் எழுத வேண்டும். அதையும் நீங்களே எழுதிவிடுவதற்குக் காட்மோடிங் என்று பெயர். புதியவர்கள் திட்டு வாங்குவது பெரும்பாலும் இதனால்தான். ‘மாறன் அவன் தோளுக்குக் குறிவைத்து வாளை வீசினான். ஈர மண்ணில் வலது கால் சறுக்கியது’ என்று நிறுத்திப் பாருங்கள். அவர் தடுக்கலாம், விலகலாம், சறுக்கிய காலைத் தட்டியும் விடலாம்.

அதற்காக ‘சிரித்தான்’ என்று ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள், பதில் எழுத அவருக்குப் பிடிமானம் வேண்டாமா? அவர் எழுதும் அளவுக்கு நீங்களும் எழுதினால் சரி. படர்க்கை, இறந்தகாலம் என்று தொடங்கினால் நடுவில் மாற்ற வேண்டாம். ‘சாப்பிட்டு வருகிறேன்’ போன்ற சொந்தப் பேச்செல்லாம் இரட்டை அடைப்புக்குறிக்குள்.

இன்னொன்று: இலவசக் கணக்கில் ஒரு பதிவுக்கு 2000 எழுத்துக்குறிதான். தமிழில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘வாள்’ என்பதே நான்கு. நீளமான பதிவை முன்கூட்டியே இரண்டாக வெட்டிவையுங்கள்.