ஒரு மைல் சுட எந்த ஸ்கோப் ரெயில்?

கேள்வி: நியூசிலாந்தில் வேலை. லீவில் மலேசியா, சுங்கை சிப்புட்டுக்கு வந்திருக்கிறேன். நியூசிலாந்தில் உரிமத்தோடு .338 லாப்புவா மேக்னம் துப்பாக்கி வைத்து இலக்குச் சுடுகிறேன். ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மொத்த ஏற்ற இறக்கம் 28 மில் (100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் நகர்த்தும் கோணம் ஒரு மில்). ஸ்கோப்பைத் துப்பாக்கியில் மாட்டும் அடித்தட்டுதான் ரெயில்; ஒரு மைலுக்குக் கோணம் மாற்றக்கூடிய ரெயில் வேண்டுமா, கோணம் மாறாத சாதா ரெயில் போதுமா? வாங்கினால் தீபாவளிக்குக் கொண்டுவந்து மாமாவிடம் காட்டலாமா?

பதில்: தம்பி, பணத்தை எடுக்கும் முன் பேனாவை எடுங்கள். ஒரு மைல் என்றால் 1,609 மீட்டர். நம் ஊர்த் தோட்டத்தில் செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். அந்தக் கணக்கில் 178 மரம் தாண்டி நிற்கிறது உங்கள் இலக்கு. உங்கள் துப்பாக்கியில் 100 மீட்டருக்கு ஜீரோ வைத்தால், அதாவது அங்கே குறுக்குக்கோட்டிலேயே தோட்டா படும்படி வைத்தால், ஒரு மைலில் தோட்டா தாழ்வதை ஈடுகட்ட ஏறக்குறைய 16 முதல் 19 மில் ஏற்ற வேண்டியிருக்கும். தோட்டா, வேகம், காற்றின் அடர்த்தியைப் பொறுத்து அது கூடும், குறையும்.

ஸ்கோப்பின் 28 மில்லில் பாதிதான், அதாவது 14தான், மேலே ஏற்றக் கிடைக்கும். அது போதாது. 20 எம்ஓஏ (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஓர் எம்ஓஏ) சாய்வுள்ள ரெயில் 5.8 மில் கூட்டித் தரும், 19.8 ஆகிவிடும். கடைசித் திருகில் போய் நிற்பதால் இது எனக்குப் பிடிக்கவில்லை. 40 எம்ஓஏ ரெயில் 11.6 மில் தரும். மேலே 25.6 கிடைக்கும், கீழே 2.4 மிஞ்சும், 100 மீட்டர் ஜீரோவும் கைவிட்டுப் போகாது. ஆகவே உங்களுக்குச் சாதா 40 போதும். மாற்றும் ரெயில் வேண்டாம்.

இரண்டு மைல் பக்கம் போகிறவர்களுக்குக் கதை வேறு. அத்தனை சாய்வை நிலையாக வைத்தால் கிட்டத்து ஜீரோ கிடைக்காது. அப்போதுதான் மாற்றும் ரெயிலுக்கு வேலை. ஸ்கோப்பின் உள்குழாய் நடுவிலேயே நிற்பதால் படம் தெளிவாக இருக்கும், காற்றுக்குப் பக்கவாட்டில் திருக இடமும் குறையாது. ஆனால் சாய்வு மிகவும் கூடினால் குழல்முனை பார்வையை மறைக்கும். இதைப் பலர் வாங்கிய பிறகே கவனிக்கிறார்கள்.

என்றைக்காவது மாற்றும் ரெயில் வாங்கினால், எத்தனை எம்ஓஏ என்று மட்டும் பார்க்காதீர்கள். போன இடத்திலிருந்து திரும்பி அதே இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து, அசையாமல் பிடியில் இறுக்குங்கள். 100 மீட்டரில் பலகை நட்டு, தூக்குக்குண்டு நூலுக்கு ஒட்டி ஸ்டீல் டேப் ஒன்றை மாட்டுங்கள். ரெயிலை 10 மில் ஏற்றினால், குறுக்குக்கோடு டேப்பில் சரியாக 1 மீட்டர் கீழே இறங்க வேண்டும். 97 சென்டிமீட்டரில் நின்றால் அந்த ரெயிலின் எண்கள் பொய். நூலை விட்டுப் பக்கவாட்டில் விலகினால், ஸ்கோப்போ ரெயிலோ சாய்ந்திருக்கிறது. பிறகு இறக்குங்கள், ஏற்றுங்கள். பத்துத் தடவையும் அதே கோட்டில் நிற்க வேண்டும். 20 தோட்டா சுட்ட பிறகு மறுபடியும் பாருங்கள், அதிர்ச்சியில்தான் உண்மை தெரியும்.

நில அளவைக் கருவிகளைப் பழுது பார்த்த காலத்தில் கற்றது ஒன்று: எந்தத் திருகிலும் கொஞ்சம் லொடலொடப்பு இருக்கும். அதனால் எப்போதும் ஒரே திசையில் திருகி முடியுங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னே வந்து மறுபடி ஏறுங்கள். அப்புறம், ரெயிலைத் துப்பாக்கியோடு பிடிக்கும் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முறுக்குங்கள். கை அளவு நம்பிக்கைக்கு உரியதல்ல.

தீபாவளி விஷயம். மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதத்தோடு சேர்த்தே பார்க்கிறது. போலீசிடம் எழுத்தில் கேட்டு அனுமதி வாங்காமல் எதையும் பையில் வைக்காதீர்கள். மாமாவுக்கு நாலு படம் எடுத்து அனுப்புங்கள், போதும்.