ஹோலஷோவிட்செ, கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மியூனிக்கில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் குடும்பத்துடன் செக் நாட்டின் தெற்கே ஹோலஷோவிட்செ என்ற சிற்றூருக்குச் சென்றிருந்தோம். நடுவில் புல்வெளி, குளம், சிறிய ஆலயம். சுற்றிலும் வண்ண வண்ண முகப்புகள். ஓர் ஓடுகூட மாறவில்லை. முன்னோரின் வீட்டை இப்படிப் போற்றிக் காக்கும் மக்களைக் கண்டு பொறாமையாக இருந்தது. நம்மவர்களிடம் ஏன் அந்த உணர்வு இல்லை? இதைப் பயணக் கட்டுரையாக எழுத விரும்புகிறேன். ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது நிலத்தில் தொடங்குவதா, வரலாற்றிலா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எதில் வேண்டுமானாலும் தொடங்குங்கள். நானாக இருந்தால் குளத்தில் தொடங்குவேன். செக் நாட்டின் தென்பகுதியான தெற்கு பொஹீமியாவே குளங்களின் நாடு. செக் மக்கள் கிறிஸ்துமஸ் இரவில் உண்ணும் கெண்டை மீன் பெரும்பாலும் அந்த வட்டாரத்துக் குளங்களில் வளர்வதுதான். பட்வைசர் பியருக்குப் பெயர் கொடுத்த செஸ்கே புட்யெயோவிட்செ நகரம் 15 கிலோமீட்டர் கிழக்கே. தெற்கே க்லெட்ய் மலை. நிலத்துக்கு இவ்வளவு போதும். நம்மவர்களைப் பற்றிய புலம்பலைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள். அதை எழுத ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் யாருடைய முன்னோர், ஆர்.? சில வாரங்களாக 1945க்குப் பிந்தைய மத்திய ஐரோப்பாவைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் நேராக அங்கே வந்து விழுந்தது.

1292இல் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இந்த ஊரை விஷ்ஷீ ப்ரோட்டில் இருந்த சிஸ்டெர்சியன் கத்தோலிக்கத் துறவிகளின் மடத்துக்குக் கொடுத்தார். 1848 வரை அது மடத்துச் சொத்து. 1520களில் கொள்ளைநோய் வந்தது. ஊரில் எஞ்சியவர்கள் இரண்டே பேர். ஆளில்லாத நிலத்தால் மடத்துக்கு என்ன வருமானம்? பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் குடியானவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். ஊர் ஜெர்மன் பேசத் தொடங்கியது. 1895இல் அங்கே ஜெர்மானியர் 157 பேர், செக் மக்கள் 19 பேர். நீங்கள் புகைப்படம் எடுத்த முகப்புகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் குடும்பங்கள் கட்டியவை. தேவாலயத்திலும் மடத்திலும் பார்த்த பரோக் பாணி அலங்கார வளைவுகளை உள்ளூர்க் கொத்தனார்கள் சுண்ணாம்புக் காரையில் தங்கள் கைக்கு வந்தபடி செய்திருக்கிறார்கள். எல்லா வீடுகளும் புல்வெளியைப் பார்க்கின்றன, அடுத்த வீட்டுக்காரனை மிஞ்ச வேண்டும் என்ற ஆசையோடு. எனக்கு அந்த ஆசை மிகவும் பிடித்திருக்கிறது.

பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். 1946இல் ரயில் ஏற்றியபோது ஆளுக்கு முதலில் 30 கிலோ, பின்னர் 50 கிலோ சாமான் அனுமதி. வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அவர்கள் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. 1935 தேர்தலில் அந்நாட்டு ஜெர்மானிய வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு, பின்னர் ஹிட்லரோடு சேர்ந்துகொண்ட ஹென்லைனின் கட்சிக்குத்தான் விழுந்தது. 1942இல் லிடிட்செ கிராமத்தில் 173 ஆண்களை நாஜிகள் வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். செக் மக்களின் ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் ரயிலில் ஏற்றப்பட்டவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் யாருக்கு வாக்களித்தார்கள்?

ஹோலஷோவிட்செயின் பல பண்ணைகள் வெறிச்சோடின. கம்யூனிச ஆட்சியில் அவை சிதைந்தன. ஆள் இருந்த செக் கிராமங்களில் அதே ஆண்டுகளில் என்ன நடந்தது தெரியுமா? மக்கள் பழைய காரையைச் சுரண்டிவிட்டுச் சாம்பல் நிறப் பிரிசோலிட் பூச்சு அடித்தார்கள், ஜன்னல்களை அகலமாக்கினார்கள், கூட்டுப் பண்ணைக்காக நீளமான மாட்டுத் தொழுவங்கள் எழுப்பினார்கள். வாழ்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். என் பெரியம்மா ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் தளம் போட்டபோது நானும் உங்களைப் போலவே உருகிப் பேசினேன். “மழை பெய்தால் ஒழுகுகிற இடத்தில் நீ வந்து அண்டா வைக்கிறாயா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஹோலஷோவிட்செயில் ஜன்னலை அகலமாக்க ஆசைப்படப் போதிய ஆட்கள் இல்லை. அதனால் முகப்புகள் தப்பின. நீங்கள் பொறாமைப்பட்ட அழகில் பெரும்பங்கு வெளியேற்றம் செய்த வேலை. போற்றிக் காத்தார்கள் என்று எழுதினால் அது பொய்.

1990க்குப் பிறகு அந்த ஊரை மீட்டவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஓர் ஓடுகூட மாறவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் அவர்களுக்குச் செய்த அநியாயம். இடிந்து கிடந்ததைப் பாடுபட்டுச் செப்பனிட்டார்கள், 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது, இன்று ஏறத்தாழ 140 பேர் வாழ்கிறார்கள். தாங்கள் கட்டாத வீட்டை, யார் கட்டினார்கள் என்று தெரிந்தே பழுதுபார்ப்பது, பாட்டன் வீட்டைப் பழுதுபார்ப்பதைவிடச் சிக்கலான காரியம். உங்கள் கட்டுரைக்கு உரிய ஆட்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவரிடமாவது பேசினீர்களா? கடிதத்தில் ஒரு மனிதர்கூட இல்லையே. ஊரோரத்தில் 2008இல் யாரோ பெருங்கற்களை வட்டமாக நட்டு வைத்திருக்கிறார்கள், அதற்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை மட்டும் தவறாமல் அனுப்பியிருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு கேளிக்கைப் பூங்காவுக்குப் போகாமல் ஒரு குளக்கரைக் கிராமத்துக்குப் போன மனிதரிடம் எனக்கு அன்புதான் அதிகம். நீங்கள் இருப்பதோ மியூனிக். வெளியேற்றப்பட்டவர்களில் பெருந்தொகையினர் வந்து இறங்கிய மாநிலத்தின் தலைநகரம். 2020இல் அங்கே சுடெட்டன் ஜெர்மானியர் எனப்படும் இவர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். அங்கே வரும் முதியவர் யாராவது பேசினால் கேளுங்கள், தலையாட்டிவிடாதீர்கள். பிறகு இன்னொரு முறை ஹோலஷோவிட்செ போங்கள், ஜூலைத் திருவிழாக் கூட்டத்தில் வேண்டாம். அதற்குப் பிறகு எழுதிய கட்டுரையை அனுப்புங்கள், வாசிக்கிறேன்.