மடியில் விழுந்த பத்து ரூபாய்

அன்புள்ள மேடம்,

எனக்கு 41 வயது. ஒன்றரை வயதில் போலியோ வந்து வலது காலில் பலம் போய்விட்டது. தொடையிலிருந்து பாதம் வரை காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிபர் என்ற கருவி, கையில் ஒரு ஸ்டிக். கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். கணவர், எட்டு வயது மகள். வீட்டிலும் வேலையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே இறங்கினால்தான் பிரச்சினை.

பஸ்ஸில் உட்கார வேண்டுமென்றால் முட்டியருகே காலிபரில் இருக்கும் இரண்டு வளையங்களையும் புடவையோடு சேர்த்து மேலே தூக்கி லாக்கை எடுக்க வேண்டும், அப்போதுதான் கால் மடங்கும். 'டக்' என்று சத்தம் வரும். முன்சீட்டில் இருப்பவர்கள் திரும்புவார்கள். முதலில் காலைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தை, பிறகு கழுத்தில் தாலி இருக்கிறதா என்று. இந்த வரிசை மாறுவதே இல்லை.

போன மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். காலிபர் ஷூவோடு சேர்ந்தது, கழற்றினால் நடக்க முடியாது. அதனால் எப்போதும் போல வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், மடியில் பத்து ரூபாயைப் போட்டுவிட்டுப் போனார். ஒரு வார்த்தை வரவில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த மகள், "அந்தப் பாட்டி ஏம்மா உனக்குக் காசு குடுத்தாங்க?" என்று கேட்டாள். அன்று இரவு தூங்கவில்லை.

அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் என் நடையை நடித்துக் காட்டினான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தபோது மகள், "இந்தத் தடவை அப்பா வரட்டும்" என்றாள். அவள் வகுப்பு மாடியில். ஆனாலும் மனசு உடைந்துவிட்டது. அவளுக்கும் என்னால் வெட்கம் வந்துவிட்டதோ?

கணவர் நல்லவர். "யாரும் உன்னப் பார்க்கல, உனக்குத்தான் அப்படித் தோணுது" என்கிறார். அம்மா, புடவையை இறக்கிக் கட்டு, காலிபர் தெரியாது என்கிறார். ஒரு வருஷமாகக் கல்யாணங்களுக்குப் போவதைக் குறைத்துவிட்டேன். சாயங்காலமானால் நல்ல காலும் சேர்ந்து ஓய்ந்துபோகிறது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. அடுத்த மாதம் அண்ணன் மகள் கல்யாணம். போகத்தான் வேண்டும். எப்படிப் போவது?

— கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் பத்து ரூபாயிலிருந்தே தொடங்குகிறேன். வார்த்தை வரவில்லை என்று எழுதியதில் உங்கள் மீதே உங்களுக்கு ஒரு கோபம் தெரிகிறது. எதிர்பாராத அவமானம் வந்து விழும்போது வாயடைத்துப்போவது உடம்பின் இயல்பு. மேடையில் பேசிப் பழகியவர்களுக்கும் அது நடக்கும். அந்த அம்மா புண்ணியம் தேடித்தான் போட்டிருப்பார், ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்காமல் போட்டார். வலித்தது அதுதான். அந்த வலி நியாயமானது.

உங்கள் கணவர் சொல்வது அன்பினால்தான், ஆனால் தவறு. பார்க்கிறார்கள். 40 வருஷமாக அனுபவிக்கிற உங்களிடம் அதை 'உனக்குத்தான் தோணுது' என்று சொன்னால், பார்வையின் பாரத்தோடு அதை நிரூபிக்கிற பாரமும் உங்கள் தலையில் ஏறுகிறது. இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள். "யாரும் பார்க்கல" என்பதற்குப் பதிலாக, "பார்க்கிறாங்க, தெரியுது. நான் பக்கத்துல இருக்கேன்" என்று அவர் சொன்னால் போதும்.

ஏன் பார்க்கிறார்கள்? நீங்கள் பள்ளியில் படித்த காலத்தில் உங்களைப்போல் காலிபர் போட்ட பிள்ளைகள் இன்னும் ஓரிருவர் அங்கே இருந்திருப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்த காட்சி. இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோ கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்ததாகச் சான்றும் வந்துவிட்டது. அந்த நல்ல செய்திக்குள் உங்களுக்கு மட்டும் ஒரு தனிமை இருக்கிறது. இன்றைய குழந்தைகள் பலர் முதன்முதலாகப் பார்க்கிற காலிபர் உங்களுடையதுதான்.

அமெரிக்க உளவியலாளர் எலன் லாங்கரும் அவருடைய குழுவினரும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். ஊனம் வெளியே தெரிகிற ஒருவரைப் பார்க்க ஆவல், பார்ப்பது மரியாதையில்லை என்ற கூச்சம், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனிதர்கள் தடுமாறுகிறார்கள் என்பது அவர்கள் கருத்து. தாம் பார்ப்பது அவருக்குத் தெரியாதபடி ஒருவழிக் கண்ணாடி வழியாக முன்பே பார்க்கக் கிடைத்தவர்கள், பிறகு நேரில் அவருக்கு நெருங்கி உட்கார்ந்தார்கள். அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் திரும்புகிற தலைகளில் பாதியாவது இந்தத் தடுமாற்றம்தான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1980-ல் கிளெக், ஸ்ட்ரென்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிலருக்கு முகத்தில் ஒப்பனைத் தழும்பு போட்டுக் கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, சரிசெய்வதுபோல் அவர்களுக்குத் தெரியாமலே அதை அழித்துவிட்டார்கள். தழும்பு இருப்பதாகவே நம்பிப் பேசப் போனவர்கள், எதிரிலிருந்தவர் தம்மை வேறு மாதிரி நடத்தியதாகச் சொன்னார்கள். உங்கள் அனுபவம் கற்பனை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அடிபட்ட மனம் சும்மா திரும்பிய தலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். வெளியே போய்வந்த அன்று ஒரு தாளில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதிப் பாருங்கள். 'பச்சைப் புடவைக்காரர் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.' அவ்வளவுதான். அவர் என்ன நினைத்திருப்பார் என்று எழுத வேண்டாம். இரண்டு வாரத்தில், உண்மையில் புண்படுத்தியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே பிரிந்து தெரியும்.

வாய்க்கு வார்த்தை வேண்டும். பிரிட்டனில் ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் என்பவர் 18 வயதில் கார் விபத்தில் முகமெல்லாம் வெந்துபோனவர். தம்மைப் போன்றவர்களுக்காக 1992-ல் 'சேஞ்சிங் ஃபேசஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். யாராவது உற்றுப் பார்த்தால் என்ன செய்வது, கேட்டால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே தயாராக இருக்கக் கற்றுக்கொடுத்தார். அதை நம் ஊர்ப் பேச்சுக்குக் கொண்டுவருவோம். குழந்தை பார்த்தால்: "இதுக்குப் பேரு காலிபர். என் காலுக்குப் பலம் இல்லல்ல, இது பிடிச்சுக்கும்." பெரியவர்கள் 'பாவம்' என்று ஆரம்பித்தால்: "சின்ன வயசுல போலியோம்மா. நல்லா இருக்கேன். நீங்க எந்த ஊரு?" ஊரைக் கேட்டால் நம் ஜனங்கள் பேச்சைத் திருப்பிவிடுவார்கள். தோண்டித் தோண்டிக் கேட்டால்: "அதப் பத்திப் பேச இஷ்டமில்லீங்க." காசை நீட்டினால் அவர் கையிலேயே திருப்பி வைத்து, "நான் வேலைக்குப் போறேம்மா, இத உண்டியல்ல போட்டுடுங்க." வீட்டில் கணவரை எதிரில் உட்காரவைத்து நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது போதாது.

எந்த அந்நியருக்கும் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. களைத்த நாளில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாருங்கள், அதுவும் சரியான பதில்தான்.

பஸ் ஸ்டாண்ட் பையன் செய்தது பார்வையே அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 92-வது பிரிவு, பொது இடத்தில் அவமானப்படுத்தும் எண்ணத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறை, அபராதம். ஒவ்வொரு முறையும் காவல் நிலையம் போக முடியாதுதான். ஆனால் அதைச் சகித்துப் போக வேண்டிய சில்லறை விஷயமாக நினைக்காதீர்கள்.

அம்மா சொன்ன புடவை விஷயம் உங்கள் விருப்பம். அழகுக்காக இறக்கிக் கட்டினால் கட்டுங்கள். மறைப்பதற்காக என்றால் எனக்குச் சம்மதமில்லை. கொசுவம் ஷூவில் தட்டாமல், லாக் வெளியே தெரியாமல் என்று நாள் முழுக்க அதிலேயே கண்ணாக இருக்க வேண்டிவரும். விழவும் நேரலாம்.

மகள் விஷயத்தில் நீங்களே எழுதிய ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். அவள் வகுப்பு மாடியில். படி ஏறி அம்மாவுக்குக் கால் வலிக்குமே என்று சொல்லியிருக்கலாம். அம்மாவை யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்ற காவலாகவும் இருக்கலாம். வெட்கமாகவும் இருக்கலாம், எட்டு வயதில் அது பாவமில்லை. ஊகிக்காதீர்கள், கேளுங்கள். "அப்பா வரட்டும்னு சொன்னியே, எதுக்கு கண்ணு?" அவள் என்ன சொன்னாலும் முகம் வாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பள்ளியில் பேசி, கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்து ரூபாய்க் கேள்விக்கும் பதில் பாக்கி இருக்கிறது. "அந்தப் பாட்டிக்கு என்னத் தெரியாது. கால் சரியில்லைன்னா காசு வேணும்னு நினைச்சுக்கிட்டாங்க. எனக்கு வருத்தமா இருந்துச்சு." இவ்வளவு போதும். உங்களுக்குக் காவல் நிற்கிற வேலையை மட்டும் அவளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

நல்ல காலும் ஓய்கிறது என்பதைப் படித்ததும் நின்றுவிட்டேன். போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்து, பாதிக்கப்படாதது என்று நினைத்த தசைகளிலும் புதிதாகத் தளர்ச்சி வருவதுண்டு. மருத்துவர்கள் அதைப் 'போஸ்ட் போலியோ சிண்ட்ரோம்' என்பார்கள். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடலியக்க மறுவாழ்வு மருத்துவரைப் பாருங்கள், காலிபரின் பொருத்தத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எரிச்சலில் ஒரு பங்கு இந்த அசதியாக இருக்கலாம். தூக்கமின்மை தொடர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கல்யாணத்துக்குப் போங்கள். முகூர்த்தத்துக்கு முன்பே போய், சுவரோரமாக, காலை நீட்ட வசதியான நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எப்போது கிளம்புவது என்று கணவரோடு முன்பே பேசி வையுங்கள். உட்காரும்போது வளையங்களை அவசரப்படாமல் தூக்குங்கள். 'டக்' என்று கேட்கும், நாலு பேர் திரும்புவார்கள். அதில் தெரிந்த முகம் ஒன்று இருந்தால், "எப்ப வந்தீங்க?" என்று நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள். போய்வந்து எனக்கு எழுதுங்கள், மகள் என்ன சொன்னாள் என்பதையும்.