எழுதிக் கொடுப்பதற்கு முன்னால்

தம்பி, ஜூலையில் ஹூஸ்டன் பக்கம் குடிவருகிறீர்கள், பெண்ணுக்கு நாலாம் வகுப்பு. "இங்கே பெற்றோர் சொன்னால் பள்ளியில் புத்தகத்தையே எடுத்துவிடுவார்களாமே, நிறவெறி அது இது என்று இந்த வயதில் அவள் எதையும் படிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, கார் இன்ஷூரன்ஸ், பொன்னி அரிசி. அதெல்லாம் வந்த வாரமே யாராவது சொல்லிவிடுவார்கள், விடுங்கள். முதல் கேள்விக்குப் பதில்: எழுதிக் கொடுக்கலாம், ரொம்பச் சுலபம். நானே கொடுத்திருக்கிறேன்.

நாங்கள் வந்தது 2007. அடுத்த பிப்ரவரியில், பையன் மூன்றாம் வகுப்பு, வகுப்பில் ரூபி பிரிட்ஜஸ் கதை வாசிக்கப்போவதாக டீச்சர் ஒரு காகிதம் அனுப்பினார். 1960-இல் நியூ ஆர்லியன்ஸில், அதுவரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளிக்கு மத்திய அரசின் மார்ஷல்கள் (காவல் அதிகாரிகள்) துணையோடு போன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி. மற்ற பெற்றோர் பெரும்பாலோர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட, அந்த வருஷம் முழுக்க ஒரே ஒரு டீச்சரிடம் தனியாக உட்கார்ந்து படித்தாள். எனக்கு அப்போது விசா கவலை, வேலைக் கவலை. இவர்கள் சண்டை நமக்கு எதற்கு, சின்னப் பையன் வேறு என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். பள்ளியில் மறுபேச்சே இல்லை. கதை வாசித்த இரண்டு நாளும் இவனைக் கொண்டுபோய் நூலகத்தில் தனியாக உட்காரவைத்தார்கள். அதுவும் அவன் ஐந்தாம் வகுப்பு போன பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போதே இன்னொன்றும் சொன்னான், அந்த மூன்றாம் வகுப்பில் ஸ்கூல் பஸ்ஸில் ஒருத்தன் இவன் கையைத் தேய்த்துப் பார்த்து "அழுக்குப் போகவே மாட்டேங்குதே" என்று சிரித்தானாம். இரண்டு வருஷம் வாயே திறக்கவில்லை. அவன் வயது எட்டுதான், கேட்கத் தாங்காது என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன்!

நீங்கள் கேள்விப்பட்டது ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் கேட்டி (Katy) என்ற ஊரில் நடந்ததாக இருக்கலாம். 2021-இல் அங்கே சில பெற்றோர் மனு கொடுத்து, ஜெர்ரி கிராஃப்ட் எழுதிய நியூ கிட் என்ற படக்கதையை நூலகத்திலிருந்து எடுக்கவைத்தார்கள். முந்தின வருஷம்தான் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி விருது வாங்கிய புத்தகம், பணக்காரப் பள்ளியில் சேரும் கறுப்பினப் பையனின் கதை. பரிசீலனைக் குழு படித்துப் பார்த்துவிட்டு, தப்பில்லை என்று திரும்ப வைத்தது. இந்த மாதிரி மனு நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றும், ஜாக்கிரதை. படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரன் நம்மை நல்லவன் என்று நினைக்க வேண்டுமாம். 1923-இல், குடியுரிமை கேட்ட பஞ்சாபிக்காரர் பகத் சிங் திண்டின் வழக்கில் இந்தியன் வெள்ளையன் இல்லை, குடியுரிமை கிடையாது என்று இதே நாட்டு உச்சநீதிமன்றம் சொன்னது இவர்களுக்குத் தெரியாது. கறுப்பின மக்கள் அடிவாங்கிப் போராடிய அதே காலத்தில், 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறியதால்தான் நம்மால் இவ்வளவு பேர் வர முடிந்தது, அதுவும் தெரியாது. தெரிந்தாலும் என்ன, சாதி என்று வந்தால் நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கலிஃபோர்னியாவில் 2005-06-இல் ஆறாம் வகுப்புப் பாடநூலில் சாதியைப் பற்றி இருந்ததைத் திருத்தச் சொல்லிப் போய் நின்றது இந்து அமைப்புகள்தான்.

இப்போது இங்கே டெக்சஸில் 2025 சட்டப்படி, பிள்ளை நூலகத்தில் என்ன எடுக்கிறாள் என்று நீங்கள் பார்க்கலாம், எது கூடாது என்று பட்டியலும் கொடுக்கலாம். பட்டியல் வேண்டாம். அவள் எடுப்பதைப் பார்த்து, அதையே நீங்களும் படியுங்கள்.

பையன் சொன்ன அந்த வாரக் கடைசியில் ஊர் நூலகத்தில் ரூபி புத்தகத்தைத் தேடி எடுத்துவந்து, சோபாவில் உட்கார்ந்து நான் சத்தமாக வாசித்தேன். பாதியிலேயே என் உச்சரிப்பு தாங்காமல் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தை அவனே வாசித்தான். அவன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டாள், குழம்பு தீய்ந்துபோனது.

ஆங், குக்கர் மட்டும் ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள்.